நூலக வேலையும் நாடக மேடையும்: பழைய அட்டை போதும்

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊர்ப்பக்கம் கிளை நூலகத்தில் வேலை, திருவிழாக் காலத்தில் ராத்திரி நாடகம், நடுவில் பாட்டும் எழுத வேண்டும் என்றால் தனியாக நேரம் கிடைக்கவே கிடைக்காது. புத்தக விவரம் எழுதி வைத்து, இப்போது கழித்துப்போட்ட பழைய அட்டவணை அட்டைகளைச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். ஒரு அட்டைக்கு ஒரு சரணம், அதற்கு மேல் இடமில்லை என்பதால் வளவளப்பும் குறைகிறது. மெட்டைப் பேருந்திலேயே போனில் முனகிப் பதிந்துவிடுங்கள், பாம்பன் பாலத்தில் மட்டும் வேண்டாம், காற்றுதான் பாடும். எங்களுக்கு வெள்ளி விடுமுறை, அதனால் வியாழன் ராத்திரி நாடகத்தைத்தான் ஒத்துக்கொள்வேன். அப்புறம், தமிழ்நாடு அரசு ஊழியர்கள் பணம் வாங்கி நடிப்பதற்கு முன் தங்களுக்கான 1973ஆம் ஆண்டு நடத்தை விதிகளைப் பார்த்து எழுத்தில் அனுமதி வாங்குங்கள். எனக்கு நோட்டீசில் பெயர் அடித்த பிறகுதான் ஞாபகமே வந்தது.