ட்ராவலர் கதைப் புத்தகத்த கிளாஸ்ல எடுக்கும்போது நாம பண்ற தப்புகள்

இங்கிலாந்துல பிரைமரி ஸ்கூல்ல டீச்சராவோ டீச்சிங் அசிஸ்டென்டாவோ இருக்கற நம்மாளுங்களுக்காக எழுதறேன். ஊர் ஊரா போய் வாழ்ற பாரம்பரியத்துலேர்ந்து வந்த ஜிப்ஸி, ரோமா, ட்ராவலர் இனத்துக் குடும்பங்கள பத்தின குழந்தைங்க கதைப் புத்தகம் இப்ப கிளாஸ்ரூம் அலமாரிக்கு வர ஆரம்பிச்சிருக்கு, ரொம்ப நல்ல விஷயம், ஆனா அத வச்சு ஆக்டிவிட்டி பண்றேன்னு நல்ல மனசோடயே சின்னப் புள்ளைங்கள சங்கடத்துல மாட்டி விட்டுடறோம்.

முதல் தப்பு நானே பண்ணது. ரிசெப்ஷன் கிளாஸ்ல, அதாவது நாலஞ்சு வயசுப் புள்ளைங்க கிளாஸ்ல, கதை படிச்சிட்டிருந்தேன், எங்க கிளாஸ்ல ஒரு ஐரிஷ் ட்ராவலர் பொண்ணு இருந்தா, படத்த எட்டி எட்டி ஆசையா பாத்துட்டிருந்தா. நான் சும்மா இல்லாம "உங்க வீடும் இப்படித்தானா, எல்லாருக்கும் சொல்லேன்"னு கேட்டுட்டேன். இருபத்தஞ்சு தலையும் அவ பக்கம் திரும்புச்சு. அவ்ளோதான், அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் வாயே திறக்கல. கிண்டலுக்கு பயந்து நாங்க ட்ராவலர்னு ஸ்கூல்ல சொல்லிக்காத குடும்பங்கள் நிறைய இருக்கு, வெளிய சொல்லாதன்னு வீட்லயே சொல்லி அனுப்புவாங்க, அது எனக்கு அப்புறம்தான் புரிஞ்சுது. இப்பெல்லாம் முன்னாடி நாளே கேட்ல அம்மாவயோ பாட்டியயோ பாத்து புத்தகத்த காட்டிடறேன், "இத படிக்கப் போறோம், உங்களுக்கு ஓகேவா, எதாவது தப்பா இருக்கா"ன்னு கேட்டுடறேன். புள்ளை தானா பேசினா பேசட்டும், நாம இழுக்கக் கூடாது.

அடுத்தது கலர் பண்ற ஷீட். கதை முடிஞ்ச உடனே வளைஞ்ச கூரை போட்ட குதிரை வண்டி படத்த எல்லார் கையிலயும் குடுத்துடறோம். அந்த வண்டி அவங்க வரலாறுதான், அழகுதான், இல்லன்னு சொல்லல. ஆனா 2011 சென்சஸ்லதான் இங்கிலாந்து, வேல்ஸ்ல ஜிப்ஸி அல்லது ஐரிஷ் ட்ராவலர்னு முதல் தடவையா தனிக் கட்டம் வந்துச்சு, அந்தக் கணக்குப்படி கிட்டத்தட்ட நாலுல மூணு குடும்பம் வீடு, ஃப்ளாட்ல இருக்கறவங்க. மீதிப் பேர்ல பெரும்பாலும் ட்ரெய்லர்ல இருக்காங்க, கேரவன்னு நாம சொல்றத அவங்க வீட்ல ட்ரெய்லர்னுதான் சொல்லுவாங்க. குதிரை வண்டி மட்டும் காட்டினா ஃப்ளாட்ல இருக்கற ட்ராவலர் பையன் அப்ப நான் யாருன்னு யோசிப்பான். அதுக்கு பதிலா எல்லாரும் அவங்கவங்க வீட்ட வரைங்கன்னு சொல்லுங்க, மாடி வீடு, போட், ட்ரெய்லர், தாத்தா வீடு எல்லாம் ஒரே சுவத்துல ஒண்ணா நிக்கும்.

"பீடி பாக்கெட்" (beady pocket, புகைக்கற பீடி இல்ல) ஆக்டிவிட்டி பத்தி கொஞ்சம் விரிவா சொல்லணும், எனக்கு ரொம்ப பிடிச்சது அது. ஐரிஷ் ட்ராவலர் பொம்பளைங்க இடுப்புல கட்டிக்கற துணிப் பை, நம்ம பாட்டிங்க சுருக்குப் பை மாதிரின்னு வச்சுக்கங்க, மேல பூரா பட்டன், மணி, பேட்ஜ்னு தச்சிருக்கும். ஒவ்வொரு பட்டனும் ஒருத்தர் குடுத்தது, அத்தை குடுத்தது, வழியில சந்திச்ச தோழி குடுத்ததுன்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு நினைவு இருக்கும். நாம என்ன பண்றோம், ஆன்லைன்ல ஒரே மாதிரி நூறு பட்டன் வாங்கி கொட்டி ஒட்டுங்கன்னு சொல்லிடறோம். அங்கதான் அந்தப் பையோட உயிர் போயிடுது. வீட்லேர்ந்து ஆளுக்கு ஒரு பட்டன் கொண்டு வரச் சொல்லி, அது யார் சட்டையில இருந்துச்சுன்னு சொல்ல வச்சு, பக்கத்துல இருக்கறவங்களோட ஒண்ணு மாத்திக்க வச்சுப் பாருங்க. நாலு வயசுப் புள்ளைங்க கூட மறக்காம சொல்லும்.

எல்லாரையும் ஒரே மூட்டையில கட்டறது இன்னொரு தப்பு. ரோமனி ஜிப்ஸி வேற, ஐரிஷ் ட்ராவலர் வேற, கிழக்கு ஐரோப்பாவுலேர்ந்து வந்த ரோமா வேற, ரங்கராட்டினம் போடற ஷோமேன் குடும்பங்கள் வேற. பேச்சும் வேற, ஐரிஷ் ட்ராவலர்கள் பேசறது கேன்ட், கேமன்னும் சொல்லுவாங்க. ரோமனி மொழியோட வேர் வட இந்தியாவுல இருக்கு, அதுல தண்ணிக்கு பானி, அஞ்சுக்கு பஞ்ச், நம்ம பஞ்ச பாண்டவர்ல வர்ற அதே பஞ்ச. இங்க்லீஷ்ல ஃப்ரெண்ட "பால்" (pal)னு கூப்பிடறாங்களே, அதுவும் ரோமனில சகோதரன்ங்கற வார்த்தையிலேர்ந்து வந்ததுதான், இத சொன்னப்ப எங்க கிளாஸ் பசங்க அன்னிக்கு பூரா பால் பால்னு கூப்பிட்டுட்டே திரிஞ்சாங்க. தமிழ்ல பேசும்போது "நாடோடி"ன்னு மாத்தாதீங்க, ட்ராவலர்ங்கறது ஒரு இனத்தோட பேரு. அயர்லாந்து அரசே 2017 மார்ச் 1 அன்னிக்கு அவங்கள தனி இனமா ஏத்துக்கிச்சு.

"ஏன் மிஸ் அவங்க ஒரே இடத்துல இருக்க மாட்டாங்க"ன்னு ஒரு புள்ளை கண்டிப்பா கேக்கும். அவங்களுக்கு சுத்தறது பிடிக்கும்னு சொல்லி முடிச்சுடாதீங்க, அது பாதி உண்மைதான். 1968 சட்டம் கவுன்சில்கள் அவங்களுக்கு ட்ரெய்லர் நிறுத்தித் தங்க சைட் அமைச்சுத் தரணும்னு சொல்லுச்சு, 1994ல அந்தக் கடமைய எடுத்துட்டாங்க. சின்னப் புள்ளைங்களுக்கு இவ்ளோ வேண்டாம், "சில பேருக்கு வேலைக்காக போகணும், சில பேருக்கு வண்டி நிறுத்த இடம் கிடைக்கல"ன்னு சொன்னா போதும், கரெக்டா புரிஞ்சுப்பாங்க.

அப்புறம் உடனே ஒர்க்‌ஷீட் குடுக்கற பழக்கம். இந்தக் கதைங்க நெருப்பச் சுத்தி உக்காந்து வாயால சொல்லி வந்தது. ஸ்காட்லாந்து ட்ராவலர் டங்கன் வில்லியம்சன் 1928ல கூடாரத்துல பொறந்தவர், அவர் கதைங்க எல்லாம் காதால கேட்டு மனசுல வச்சிருந்தது. அதனால முதல் ரெண்டு நாள் புத்தகத்த மூடி வச்சிட்டு புள்ளைங்கள திருப்பி சொல்ல விடுங்க, மாத்தி சொன்னாலும் திருத்தாதீங்க.

ஜூன் மாசம் ஜிப்ஸி, ரோமா, ட்ராவலர் வரலாற்று மாசம்னு அந்த ஒரு மாசம் மட்டும் வெளிய எடுக்கறதும் சரியில்ல. அந்த நேரத்துல தான் வட இங்கிலாந்துல ஜிப்ஸி, ட்ராவலர் குடும்பங்கள் ஒண்ணு கூடற ஆப்பிள்பி குதிரைச் சந்தை வரும், அதுக்குப் போற புள்ளைங்க கிளாஸ்லயே இருக்க மாட்டாங்க, அவங்களுக்கான புத்தகத்த அவங்க இல்லாதப்ப படிச்சு என்ன பிரயோஜனம். அம்மா அப்பா வேலைக்காக போற புள்ளைங்களுக்கு அட்டெண்டன்ஸ்ல "T" கோட் போடுவாங்க இல்லையா, அப்படி கிளம்பும்போது புத்தகத்தயும் கூட குடுத்து அனுப்புங்க, போற வழியில யார் கிட்ட அந்தக் கதைய சொன்னன்னு வந்ததும் கேளுங்க.