பைத்தான் தெரியும், அடுத்து என்ன படிக்கலாம்?

பைத்தான் ஓரளவு கைவந்துருச்சு, அடுத்து எந்த லாங்குவேஜ்னு யாரையாச்சும் கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்லி குழப்பி விட்ருவாங்க, அதனால முதல்ல ஒரு பேப்பர்ல அடுத்த ஆறு மாசம் என்ன செய்யப்போறீங்கன்னு ஒரே ஒரு வரி எழுதுங்க. வெப்சைட்டா, ஆண்ட்ராய்ட் ஆப்பா, சர்வர் வேலையா? அந்த வரியே வரலைன்னா புது லாங்குவேஜ் வேணாம், டேட்டாபேஸ்கிட்ட கேள்வி கேட்டு டேட்டா எடுக்கிற எஸ்க்யூஎல் (SQL) படிங்க, எங்க போனாலும் டேட்டாபேஸ் பக்கம் போகாம இருக்க முடியாது.

பிரவுசர்ல ஓடணும்னா ஜாவாஸ்கிரிப்ட், வேற பேச்சே இல்ல. கொஞ்சம் பழகினதும் டைப்ஸ்கிரிப்ட்டுக்கு மாறிடுங்க, டேட்டா டைப் (நம்பரா, எழுத்தாங்கிறது) தப்பா இருந்தா ரன் பண்றதுக்கு முன்னாடியே காட்டிக் குடுத்துரும். ஆண்ட்ராய்ட்னா கோட்லின், 2019லயே கூகுள் அதுக்குத்தான் முதலிடம்னு சொல்லிட்டாங்க.

சர்வர், கிளவுட் பக்கம்னா என் ஓட்டு கோ லாங்குவேஜுக்கு. ஆப்பை அதுக்குத் தேவையானதோட ஒரே பொட்டலமா கட்டி ஓட்டுற டாக்கர், அந்தப் பொட்டலங்களை நிறைய சர்வர்ல நிர்வகிக்கிற குபர்னெட்டிஸ் ரெண்டுமே இதுல எழுதினதுதான். சிண்டாக்ஸ் சின்னது, பில்ட் பண்ணா ஒரே ஒரு பைனரி, அதாவது நேரா ஓடுற ஃபைல் வரும், அதை சர்வர்ல தூக்கிப் போட்டா ஓடும், பைத்தான்ல விர்ச்சுவல் என்விரான்மென்ட்டோட மல்லுக்கட்டினவங்களுக்கு அந்த சுகம் புரியும். என்ன, எரர் வந்துச்சா வந்துச்சான்னு நாலு வரிக்கு ஒருதடவை செக் பண்ணி எழுதணும், அது கடுப்புதான்.

ரஸ்ட் லாங்குவேஜ்? வேண்டாத மெமரியை ஓடும்போதே துடைக்கிற கார்பேஜ் கலெக்டர் இல்லாமயே மெமரி தப்பு வராம பாத்துக்கும், லினக்ஸோட மையப் பகுதியான கெர்னல்லயே 6.1 வெர்ஷன்ல உள்ள வந்துருச்சு. ஆனா எந்த வேல்யூக்கு யாரு ஓனர்னு கம்பைலருக்கு கணக்கு சொல்லியே ஆகணும், இந்தக் கணக்கை சரிபாக்குற பாரோ செக்கர் ஆரம்பத்துல பாடாபடுத்தும். அவசரமா வேலை தேடுறவங்களுக்கு இதை நான் சொல்லவே மாட்டேன்.

ரெண்டு லாங்குவேஜுக்கு நடுவுல மாட்டிக்கிட்டா ரெண்டுலயும் ஒரே சின்ன ப்ரோக்ராம் எழுதிப் பாருங்க, ஒரு லாக் ஃபைலைப் படிச்சு எந்த எரர் எத்தனை தடவை வந்துச்சுன்னு எண்ணி சிஎஸ்வில போடுற மாதிரி, ஒவ்வொண்ணுக்கும் ஒரு சனி ஞாயிறு போதும். எரர் மெசேஜ் புரியுதா, டாக்குமென்டேஷன்ல தேடினது கிடைக்குதான்னு கவனிங்க. அப்படியே உங்க ஊர் வேலை விளம்பரங்களையும் பாருங்க, எண்ணிக்கையை மட்டும் இல்ல, ஃப்ரெஷரை எடுக்கிறாங்களா இல்ல அஞ்சு வருஷ அனுபவம் கேக்குறாங்களான்னு பாக்கணும். பழகிப் பாக்க கோவுக்கு டூர் ஆஃப் கோங்கிற ஆன்லைன் பாடம், ரஸ்ட்டுக்கு ரஸ்ட்லிங்ஸ்ங்கிற பயிற்சித் தொகுப்பு, ரெண்டும் ஃப்ரீ.