ஸ்பின்னர் தேர்வைப் பற்றி உருப்படியாக வாதாடுவது எப்படி

அணி அறிவிப்பு வந்த மறுநாள் காலையில் பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தைச் சுற்றி எந்த டீக்கடையில் நின்றாலும் ஒரே பேச்சுதான்: இவரை ஏன் எடுத்தார்கள், அவரை ஏன் விட்டார்கள். அதிலும் ஸ்பின்னர் என்று வந்துவிட்டால் சூடு அதிகம், ஏனென்றால் முன்பு அஸ்வின், இப்போது வருண் சக்கரவர்த்தி, வாஷிங்டன் சுந்தர் என்று தமிழ்நாட்டு ஆட்களில் யாராவது ஒருவர் அந்தப் பேச்சில் இருப்பார். பாசம் இருக்கட்டும், அது இல்லாமல் கிரிக்கெட் பார்த்து என்ன பயன். ஆனால் பாசத்தை மட்டும் வைத்துப் பேசினால் அரை மணி நேரத்தில் குரல் உயரும், பேச்சு நகராது.

எனக்கு இது புரிந்தது 2023 உலகக் கோப்பையின்போது. அக்டோபர் 8, சேப்பாக்கம், ஆஸ்திரேலியா. அஸ்வின் 10 ஓவரில் 34 ரன் கொடுத்து 1 விக்கெட். அடுத்த மேட்ச் டெல்லியில், ஆப்கானிஸ்தானோடு, அவர் இல்லை, ஷர்துல் தாக்கூர் உள்ளே. டீக்கடையில் நான் கொதித்துப்போய்ப் பேசிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் நின்றார், இளவயதில் லீக் மேட்ச்களில் ஆஃப் ஸ்பின் போட்டவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரிடே, அவரப் போடுவோம். எந்த ஓவர, யார்ட்ட இருந்து புடுங்கி அவருக்குக் குடுப்ப? அத மொதல்ல சொல்லு" என்றார். என்னிடம் பதில் இல்லை.

அன்றிலிருந்து நான் செய்வது இதுதான், நீங்களும் செய்து பாருங்கள். ஒருநாள் மேட்ச் என்றால் ஓர் அணிக்கு 50 ஓவர், அதனால் பழைய காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கத்தில் 50 கட்டம் போடுங்கள். ஒரு கட்டம் ஒரு ஓவர். ஒருத்தருக்கு 10 ஓவருக்கு மேல் கிடையாது. முதல் 10 கட்டத்தில் பெரும்பாலும் வேகப்பந்து, கடைசி 10-இலும் பெரும்பாலும் அவர்கள்தான். நடுவில் மிச்சம் 30. அதில் வேகப்பந்து ஆல்ரவுண்டருக்கு ஐந்தாறு போனால், ஸ்பின்னருக்கு இருபத்தி நாலு, இருபத்தைந்து. இரண்டு ஸ்பின்னர் என்றால் கணக்கு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. மூன்றாவது ஸ்பின்னர் வேண்டும் என்று சொல்பவர், அவருக்கான கட்டங்களைப் பென்சிலால் எழுதிக் காட்ட வேண்டும், அங்கே ஏற்கனவே இருந்த பெயரை அழித்துவிட்டுத்தான் எழுத வேண்டும்.

சேப்பாக்கத்துக்கு எழுதிப் பார்த்தேன். ஜடேஜா, குல்தீப், அஸ்வின் மூன்று பேரும் முழு 30 ஓவர் போட்டு 104 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்திருந்தார்கள், ஆஸ்திரேலியா 199-க்கு ஆல் அவுட். அந்தத் தாளில் அஸ்வினுக்கு இடம் தாராளமாக இருந்தது. டெல்லிக்கு எழுதினால் கை நிற்கிறது. நான்கு நாள் முன்னால்தான் அதே மைதானத்தில் இலங்கைக்கு எதிராகத் தென்னாப்பிரிக்கா 428 அடித்திருந்தது. எனக்கு இன்றும் அஸ்வின் ஆடியிருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது, ஆனால் எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு நியாயம் இருந்தது என்பதை அந்தத் தாள் காட்டிவிட்டது.

கட்டம் போட்டாயிற்றா, அடுத்து மண். சேப்பாக்கத்திலேயே செம்மண் பிட்ச்சும் உண்டு, கரிசல் பிட்ச்சும் உண்டு. கரிசல் எப்படி என்று கோவில்பட்டிப் பக்கம் போய்வந்த யாருக்கும் விளக்க வேண்டாம், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நனைந்தால் செருப்போடு ஒட்டிக்கொண்டு வரும். பிட்ச்சிலும் அப்படித்தான், பொதுவாகப் பந்து தாழ்ந்து, நின்று வரும். அங்கே ஸ்டம்பைப் பார்த்து வேகமாகப் போடும் ஜடேஜா, அக்சர் மாதிரி ஆட்களுக்குக் கொண்டாட்டம், எல்.பி.டபிள்யூ.வும் போல்டும் விழும். செம்மண்ணில் பந்து எழும்பும், காய்ந்து பொடியத் தொடங்கினால் திருப்பமும் கூடும், பந்தைத் தூக்கிப் போடுபவருக்கு அது நல்லது. ஆகவே "பிட்ச் ஸ்பின்னுக்கு உதவும்" என்று யாராவது சொன்னால் விடாதீர்கள், எந்த மாதிரி ஸ்பின்னுக்கு என்று கேளுங்கள்.

அப்புறம் எதிரணியின் முதல் ஆறு பேரை எழுதி, இடது கை ஆட்களுக்கு ஒரு வட்டம் போடுங்கள். மட்டையை விட்டு விலகித் திரும்பும் பந்துதான் அடிக்கக் கஷ்டம், இது ஆற்று மணலில் ரப்பர் பந்து ஆடும் பையனுக்கும் தெரியும். ஆஃப் ஸ்பின் இடது கை ஆளுக்கு விலகிப் போகும், வலது கை ஆளுக்கு உள்ளே வரும். அதனால் இடது கை ஆட்கள் மூன்று பேர் இருந்தால் ஆஃப் ஸ்பின்னருக்கு வாதாடலாம். ஒருவர்கூட இல்லாதபோது ஆஃப் ஸ்பின்னர் வேண்டும் என்றால், வேறு வலுவான காரணம் தேவை.

விதியையும் தெரிந்துகொள்ளுங்கள், பாதிச் சண்டை இது தெரியாமல்தான் வருகிறது. 11 முதல் 40 ஓவர் வரை மைதானத்தின் உள்வட்டத்துக்கு வெளியே நான்கு ஃபீல்டர்கள்தான் நிற்கலாம். வலது கை ஆளுக்கு ஆஃப் ஸ்பின் போடுகிறவர் லாங் ஆன், டீப் மிட் விக்கெட், டீப் ஸ்கொயர் லெக், டீப் கவர் என்று நாலு பேரை எல்லைக்கோட்டில் வைத்தால், நேராக வரும் அடியைத் தடுக்க நிற்கும் மிட் ஆஃப் ஆள் வட்டத்துக்குள் வந்துவிடுவார், அவர் தலைக்கு மேல் தூக்குகிறவனை ஒன்றும் செய்ய முடியாது. கூடவே 2011 அக்டோபரிலிருந்து முனைக்கு ஒன்றாக இரண்டு புதுப் பந்து வந்தது. அதனால் எந்தப் பந்தும் 25 ஓவருக்கு மேல் பழசாகவில்லை, அஸ்வின், ஜடேஜா மாதிரி விரலால் திருப்புகிறவர்களுக்குப் பிடிமானம் குறைந்தது. 2017 சாம்பியன்ஸ் டிராபி இறுதிப் போட்டியில் அஸ்வினும் ஜடேஜாவும் சேர்ந்து 18 ஓவரில் 137 ரன் கொடுத்து விக்கெட்டே இல்லாமல் நின்றது நினைவிருக்கும், இடது கை ஃபகர் ஸமான் 114 அடித்தார். அதற்குப் பிறகுதான் குல்தீப், சாஹல் என்று மணிக்கட்டு ஸ்பின்னர்கள் நடு ஓவர்களை எடுத்துக்கொண்டார்கள். இப்போது 2025 ஜூலையிலிருந்து 34 ஓவர் வரைதான் இரண்டு பந்து, 35-வதிலிருந்து அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து முடிக்க வேண்டும். கணக்குப் போட்டால் கடைசி ஓவரில் பந்துக்கு 33 ஓவர் வயது. விரல் ஸ்பின்னரைக் கடைசிப் பத்திலும் ஒன்றிரண்டு ஓவர் நம்பலாம் என்பது என் கட்சி.

இரவில் பந்தை நனைத்துவிடும் பனியைப் பற்றி ஒரு சோதனை சொல்கிறேன், வீட்டிலேயே செய்யலாம். ஒரு வாளித் தண்ணீரில் ஸ்டிச் பாலை, அதாவது தையல் போட்ட தோல் பந்தை, முக்கி எடுத்து, துண்டால் ஒருமுறை துடைத்துவிட்டு, ஆஃப் ஸ்பின் பிடியில் பிடியுங்கள். ஆள்காட்டி விரல் தையலின் மேல் இருக்கிறது, ஆனால் சுண்டும் நேரத்தில் தோல் வழுக்கி விரல் சும்மா பக்கவாட்டில் ஓடிவிடும், தையல் கடிக்காது. நான் ஆறு பந்து போட்டேன், இரண்டு ஃபுல் டாஸ், மூன்று திரும்பவே இல்லை. இரவு மேட்ச்சில் இரண்டாவதாகப் பந்து போடுகிற ஸ்பின்னர் படும் பாடு இதுதான். 2023 இறுதிப் போட்டியில் ஜடேஜாவும் குல்தீப்பும் 20 ஓவர் போட்டு ஒரு விக்கெட்டும் எடுக்கவில்லை, விளக்கொளியில் பேட்டிங் எளிதாகிக்கொண்டே போனது. டாஸுக்கு முன்னால் பேசும்போது, முதலில் போட்டால் யார், இரண்டாவது போட்டால் யார் என்று இரண்டு தாள் எழுதிவிடுவது நல்லது.

பேட்டிங்கை மறந்துவிடாதீர்கள். எட்டாம் இடத்தில் யார் என்பதுதான் பல நேரம் ஸ்பின்னரை முடிவு செய்கிறது. 2025 சாம்பியன்ஸ் டிராபியில் நான்கு ஸ்பின்னர் ஆட முடிந்ததே அக்சரும் ஜடேஜாவும் பேட்டும் பிடிப்பார்கள் என்பதால்தான். வருண் முதலில் அறிவித்த அணியில் இல்லை, பின்னால் சேர்த்தார்கள், நியூஸிலாந்தோடு 42 ரன்னுக்கு 5 விக்கெட். இறுதிப் போட்டியில் நான்கு பேரும் சேர்ந்து 38 ஓவர், 144 ரன், 5 விக்கெட், மிச்சம் 12 ஓவரில் வேகப்பந்துக்கு நூறு ரன்னுக்கு மேல் போனது. அன்று அந்த அண்ணாச்சியிடம் தாளை நீட்டினேன், வாங்கி ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துப் பார்த்தார்.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். டாஸுக்கு முன்னால் தாளில் எழுதியதை மேட்ச் முடிந்தபின் மாற்றக் கூடாது. தேதி போட்டு, டீக்கடைக்காரரிடமே கொடுத்து வைத்துவிடலாம். எங்கள் கடையில் பிஸ்கட் பாட்டிலுக்கு அடியில் இப்போது எட்டுத் தாள் இருக்கிறது.