எத்தனை பாண், எவ்வளவு பிரெட்?

திருகோணமலைக்குப் பக்கத்தில், உப்புவெளியில் ஒரு சின்ன விடுதியின் வரவேற்பு மேசையில் நான் உட்கார்ந்த முதல் சீசன். ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்து, "இஸ் தேர் ரூம் இன் த போட்?" என்றார். புறாத்தீவுக்குப் போகிற படகைப் பற்றித்தான் கேட்கிறார். நானோ, "நோ மேடம், ரூம் ஒன்லி இன் த ஹோட்டல்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே விரலால் தன்னைக் காட்டி, படகில் ஒருவர் உட்காரும் இடத்தைச் சைகையில் காட்டிய பிறகுதான் விளங்கியது. 'அ ரூம்' என்றால் அறை. முன்னால் 'அ' இல்லாத வெறும் 'ரூம்' என்றால் இடம்.

ஆங்கிலத்தில் எண்ண முடியாப் பெயர்ச்சொல், அதாவது ஒன்று, இரண்டு என்று எண்ணிச் சொல்ல முடியாத சொல், என்று பள்ளியில் படித்ததன் அர்த்தம் எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. அப்படிப்பட்ட சொல்லுக்கு முன்னால் 'அ', 'ஆன்' வராது, பின்னால் 'ஸ்' ஒட்டாது. 'மெனி' இல்லை, 'மச்' தான். வினைச்சொல் 'ஆர்' ஆகாது, 'இஸ்' தான். 'சம்' மட்டும் எண்ணக்கூடியதற்கும் எண்ண முடியாததற்கும் பொருந்தும். குழம்பினால் அதைப் போட்டுத் தப்பித்துக்கொள்ளலாம்.

எது எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க முதலில் தமிழில் கேட்டுப் பாருங்கள். இடியப்பத்தை எத்தனை என்று கேட்கிறோம், புட்டை எவ்வளவு என்று கேட்கிறோம். எத்தனை என்றால் 'ஹவ் மெனி', எவ்வளவு என்றால் 'ஹவ் மச்'. அரிசி, சீனி, தண்ணீர், மணல், காசு எல்லாம் இந்தச் சோதனையில் சரியாக வந்துவிடும்.

ஆனால் பாணில் சறுக்கும். கடையில் "ரெண்டு பாண் தாங்கோ" என்கிறோம். அதே நினைப்பில் 'டூ பிரெட்ஸ்' என்றால் பிழை. ஆங்கிலக்காரருக்குப் பிரெட் மாவைப் போல ஒரு பொருள்; எண்ணுவதானால் 'டூ லோவ்ஸ் ஆஃப் பிரெட்'. சவர்க்காரமும் இப்படித்தான், 'டூ பார்ஸ் ஆஃப் சோப்'. காலைச் சாப்பாட்டுக்கு 'டூ ஸ்லைஸஸ் ஆஃப் டோஸ்ட்'.

இதைவிடப் பெரிய தொல்லை, தமிழில் நன்றாக எண்ணக்கூடியதும் ஆங்கிலத்தில் எண்ண முடியாததுமான சொற்கள். இரண்டு தகவல், நாலு புத்திமதி, ஒரு செய்தி, மூன்று தளபாடம் என்கிறோம். இன்ஃபர்மேஷன், அட்வைஸ், நியூஸ், ஃபர்னிச்சர், லக்கேஜ், எக்விப்மென்ட், ஹோம்வேர்க் எதையும் ஆங்கிலத்தில் அப்படி எண்ண விடமாட்டார்கள். நியூஸ் கடைசியில் 'ஸ்' வைத்துக்கொண்டே 'த நியூஸ் இஸ் குட்' என்று வரும். இவற்றுக்குச் சோதனை எதுவும் கிடையாது, மனப்பாடம்தான்.

எங்கள் மேசைக்குப் பின்னால் 'ப்ளீஸ் கீப் யுவர் லக்கேஜஸ் ஹியர்' என்ற அறிவித்தல் இரண்டு வருடம் தொங்கியது. எழுதியவன் நானேதான். பிறகு ஒரு நாள் பிளேடால் கடைசி எழுத்தைச் சுரண்டினேன். அந்த இடம் வெள்ளையாகத் தெரிய, வந்தவர்களெல்லாம் அதையே பார்த்தார்கள்.

எனக்குப் பிடித்த வழி, பக்கத்துச் சொல்லுக்கு மாறிவிடுவது. லக்கேஜை எண்ண வேண்டுமா? 'த்ரீ பேக்ஸ்' என்று சொல்லுங்கள். 'வேர்க்' என்பதற்குப் பதில் 'அ ஜாப்', டிராவலுக்குப் பதில் 'அ ட்ரிப்', அக்கமடேஷனுக்குப் பதில் 'டூ ரூம்ஸ்'. 'அ பீஸ் ஆஃப் அட்வைஸ்' என்பதும் சரிதான். (அமெரிக்கர்கள் 'அக்கமடேஷன்ஸ்' என்று எழுதுவார்கள். அது அவர்களுடைய வழக்கம். நாங்கள் படித்த பிரித்தானிய ஆங்கிலத்தில் 'ஸ்' இல்லை.)

'ஸ்' சேராத சொல்லெல்லாம் எண்ண முடியாதது என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். கோணேஸ்வரத்துக்குப் போகும் வழியில் பிரெட்ரிக் கோட்டைக்குள் புள்ளிமான்கள் நிற்கும். 'ஒன் டியர், ஃபைவ் டியர்' என்று தாராளமாக எண்ணலாம். பன்மையில் சொல் மாறுவதில்லை, அவ்வளவுதான். புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் விருந்தினரிடம் "ஹவ் மச் டியர் யூ சீ?" என்று கேட்டுவிட்டு என்னிடம் வந்தான். "அண்ணா, ஏன் அந்த அம்மா முறைச்சவ?" காதுக்கு அது 'என்ன விலை, கண்ணே' என்றும் விழும் என்று நான் அவனுக்குச் சொல்லவில்லை. 'ஹவ் மெனி டியர் டிட் யூ சீ' என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன்.

சில சொற்கள் இரு பக்கமும் நிற்கும். 'ஐ ஏட் சிக்கன்' என்றால் கோழிக்கறி சாப்பிட்டேன். 'ஐ ஏட் அ சிக்கன்' என்றால் முழுக் கோழியையும் தீர்த்துவிட்டேன். தலைமுடி முழுவதும் 'ஹெயர்'. சூப்பில் கிடப்பது 'அ ஹெயர்', அப்போது உடனே சமையலறைக்கு ஓட வேண்டும். 'டூ காஃபீஸ், ப்ளீஸ்' என்று யாராவது கேட்டால் திருத்தப் போகாதீர்கள். இரண்டு கோப்பை என்ற பொருளில் அது சரி.

சந்தேகம் தீராவிட்டால் கேம்பிரிட்ஜ் அகராதியின் இணையப் பக்கத்தில் சொல்லைத் தேடுங்கள். சொல்லுக்கு அருகில் 'யூ' என்ற எழுத்து இருந்தால் எண்ண முடியாது, 'சி' இருந்தால் எண்ணலாம். இரண்டும் இருந்தால் உதாரண வாக்கியங்களை வாசித்துவிட்டு எழுதுங்கள். கடல் எப்படி என்று கேட்டு மின்னஞ்சல் வரும்போது 'வி ஹேவ் அ குட் வெதர்' என்று தட்டிவிட்டு, அந்த 'அ'வை இன்றைக்கும் நான் திரும்பிப் போய் அழிக்கிறேன்.