'டிஸின்டக்ரேஷன்' ஆல்பத்தை முழுசாகக் கேட்பது எப்படி

தி க்யூர் என்ற ஆங்கில ராக் இசைக்குழு 1989இல் வெளியிட்ட இந்த ஆல்பம் இன்றும் பழசாகத் தெரியவில்லை. ஆனால் கேட்கும் விதம் தப்பினால் வெறும் சோகமான இரைச்சலாகத்தான் படும்.

முதலில் பதிப்பைப் பாருங்கள். சிடியில் 12 பாடல்கள், சுமார் 72 நிமிடம். அன்றைய ஒற்றை எல்பி (வினைல்) இசைத்தட்டில் அவ்வளவு நீளம் கொள்ளாது. 'லாஸ்ட் டான்ஸ்', 'ஹோம்சிக்' இரண்டும் விடுபட்டன. 2010இல் ஒலியைச் செப்பனிட்டு வெளியிட்ட ரீமாஸ்டரின் இரட்டைத் தட்டில் எல்லாம் உண்டு.

பாட்டுச் செயலியில் கேட்டால் ஷஃபிள் (வரிசையைக் கலைப்பது), கிராஸ்ஃபேட் (ஒரு பாட்டின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலப்பது) இரண்டையும் அணைத்துவிடுங்கள்.

அடுத்தது ஒலி அளவு. பலர் சறுக்கும் இடம் இதுதான். முதல் பாட்டான 'ப்ளெயின்சாங்' மெல்லிய மணிச் சிணுங்கலோடு தொடங்கும். காதில் விழவில்லையே என்று கூட்டினால், சில நொடிகளில் சிந்தசைசரும் டிரம்ஸும் மொத்தமாக வந்து மோதும். அந்த வெடிப்புக்கு ஏற்றபடி அளவை வைத்துவிட்டு, பாட்டை மறுபடி முதலிலிருந்து ஓடவிடுங்கள். உரக்கக் கேட்கவே மிக்ஸ் செய்ததாக ஆல்பத்தின் உறையிலேயே அச்சிட்டிருக்கிறார்கள்.

போன் ஸ்பீக்கர் கூடவே கூடாது. சைமன் கேலப்பின் பேஸ் கிட்டார்தான் இங்கே பாதி மெட்டைச் சுமக்கிறது. சின்ன ஸ்பீக்கரில் அது காணாமல் போய்விடும். காதை மூடும் ஹெட்போன் போதும். பேஸ் பூஸ்ட் வேண்டாம், கிட்டார் அடுக்குகள் மங்கிவிடும்.

'பிக்சர்ஸ் ஆஃப் யூ'வில் குரல் வரவே ஏறக்குறைய இரண்டு நிமிடம் ஆகும். தள்ளிவிடாதீர்கள். ஒவ்வொரு வாத்தியமாகச் சேர்ந்து கனம் ஏறுவதைக் கேட்டபின் வரும் முதல் வரிதான் நெஞ்சைப் பிசையும்.