தொற்றுக்காலமும் ராமேஸ்வரம் கரையும்: சுற்றுலாத் தொழிலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மண்டபத்திலிருந்து தனுஷ்கோடி வரை வேன், ஹோம்ஸ்டே, கைடு வேலை என்று நிறையப் புதுப் பசங்க இறங்கியிருக்கிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் 2020-ல் கொரோனா வந்தபோது நாங்களெல்லாம் எதில் மாட்டினோமோ அதையே இவர்களும் செய்கிறார்கள். கேட்டால் "இனிமே அதெல்லாம் வராதுண்ணே" என்கிறார்கள். மாஸ்க், சானிடைசர் பற்றி யாருக்கும் சொல்லித்தர வேண்டாம், அதை விட்டுவிடுகிறேன்.

திறந்ததும் வரும் கூட்டத்தை நம்பிக் கடன் வாங்குவது

மத்திய சுற்றுலா அமைச்சகக் கணக்குப்படி 2019-ல் உள்நாட்டுப் பயணங்கள் சுமார் 232 கோடி. 2020-ல் 61 கோடி, 2022-ல் மறுபடி 173 கோடி. இந்த ஏற்றத்தைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் நம் ஊருக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் திதி கொடுக்கவும் நேர்த்திக்கடன் தீர்க்கவும் வருகிறவர்கள். நோய் வந்தால் அதை அவர்கள் விட்டுவிடுவதில்லை, தள்ளிப்போடுகிறார்கள். தடை நீங்கிய முதல் சில மாதங்களில் வருவது பழைய பாக்கியும் சேர்ந்த கூட்டம். அது தீர்ந்ததும் குறையும், டெம்போ டிராவலருக்குக் கட்டும் தவணை குறையாது.

"திறந்தாச்சு" என்றதும் அட்வான்ஸ் வாங்கிச் செலவழித்துவிடுவது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது. தொற்றுக்காலத்தில் எதுவும் ஒரே நாளில் திறப்பதில்லை. 2020 செப்டம்பர் 1-லிருந்து மாவட்டம் தாண்ட இ-பாஸ் தேவையில்லை என்றார்கள், கோவில்களையும் திறந்தார்கள். சரி, ராமநாதசுவாமியைத் தரிசிக்கலாம். ஆனால் உள்ளே இருக்கும் 22 தீர்த்தங்களில் நீராட அனுமதி கிடைப்பதற்குள் 2021 பிறந்துவிட்டது. அப்புறம் இரண்டாம் அலை, திரும்பவும் பூட்டு, அந்த வருஷம் ஆடி அமாவாசைக்கு அக்னி தீர்த்தக் கடலிலும் இறங்க விடவில்லை.

கோவில் மட்டும் திறந்திருந்த அந்த மாதங்களில், "தீர்த்தமெல்லாம் பாத்துக்கலாம்" என்று சொல்லி வடநாட்டுக் குழு ஒன்றிடம் முழுப் பணத்தையும் வாங்கியிருந்தார் இங்கே ஒருவர். மதுரையில் இறங்கி வேனில் வந்தார்கள். கோவில் வாசலில் ஒரு வயதான அம்மா மாற்றுச் சேலையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அரக்கு வைத்து மூடிய கங்கைச் செம்பை இன்னொரு கையில் பிடித்தபடி, தீர்த்தத்தை இறைத்து ஊற்ற வாளியோடு ஆள் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டே நின்றார். யாரும் வரவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டால், அது லாட்ஜ் பாக்கிக்கும் வேன் டயருக்கும் போயிருந்தது. அப்புறம் அந்த ஊர்க்காரர்கள் நம் பக்கத்து ஆட்கள் யாரையும் கூப்பிடுவதே இல்லை, ஒழுங்காகத் தொழில் செய்தவர்களையும் சேர்த்து!

அதனால் சொல்கிறேன். அட்வான்ஸ் வாங்கும்போதே சாலை, கோவில், தீர்த்தம், கடல், தனுஷ்கோடி என்று எது எது திறந்திருக்கிறது என்பதைத் தனித்தனியாக எழுதிக் கொடுங்கள். தீர்த்தம் பற்றி வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பாமல் கோவில் அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். அது மூடிவிட்டால் எவ்வளவு திருப்பித் தருவீர்கள், தேதி மாற்ற எத்தனை மாதம் அவகாசம் என்பதும் அதே தாளில் இருக்கட்டும். ஆட்கள் வந்து வேனை விட்டு இறங்கும்வரை அந்தப் பணம் உங்களுடையது இல்லை. தனிக் கணக்கில் போட்டுவையுங்கள், சமையல்காரருக்கும் லாட்ஜுக்கும் அதிலிருந்து கொஞ்சம் மட்டும் கொடுங்கள். நோய்ப் பயம் இருக்கும்போது ஜனங்கள் கடைசி நேரத்தில்தான் புக் செய்வார்கள், அப்போதும் போனதடவை பணத்தைத் திருப்பித் தந்தவரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள்.

வெளிநாட்டுக்காரரும் கூடவே திரும்புவார் என்று நினைப்பது

2019-ல் இந்தியாவுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் சுமார் 1 கோடியே 9 லட்சம். 2020-ல் 27 லட்சம், அதிலும் பெரும்பாலோர் மார்ச் ஊரடங்குக்கு முன்பே வந்தவர்கள். 2021-ல் உள்நாட்டுப் பயணம் கொஞ்சம் ஏறியபோது இவர்கள் 15 லட்சத்துக்கு இறங்கிவிட்டார்கள். நம் கோவில் திறந்தால் மட்டும் அவர் வந்துவிட முடியாது. விசா வேண்டும், விமானம் வேண்டும், இன்ஷூரன்ஸ் வேண்டும், அவருடைய நாடு அவரை வெளியே போக அனுமதிக்க வேண்டும். வழக்கமான விமானங்களில் வர டூரிஸ்ட் விசா கிடைத்ததே 2021 நவம்பரில்தான், அட்டவணைப்படி சர்வதேச விமானங்கள் ஓடியது 2022 மார்ச் 27 முதல். பிரப்பன்வலசைப் பக்கம் கைட் சர்ஃபிங்கை (பெரிய காற்றாடி இழுக்கப் பலகையில் நின்று கடலில் சறுக்கும் விளையாட்டு) நம்பி அறை கட்டுகிறவர்கள், அப்படி ஒரு காலம் வந்தால் ரெண்டு வருஷம் சென்னை, பெங்களூர் ஆட்களை வைத்தே ஓட்டத் தயாராக இருங்கள்.

இன்னொன்று, உள்நாட்டுக் கணக்கு எண்ணுவது ஆட்களை இல்லை, போய்வந்த தடவைகளை. ரெண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்து, நூற்றுக்கு இத்தனை பேர் வெளிநாட்டுக்காரர் என்று பங்கு போடாதீர்கள்.

எல்லாச் சரிவையும் தொற்றின் தலையில் கட்டுவது

2022 டிசம்பரில் பாம்பனில் ரயில் நின்றது பழைய பாலத்தின் கோளாறால். 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்துதான் ரயில் திரும்ப வந்தது. அது வேறு கணக்கு.

ஒரே ஏஜென்ட்டை நம்புவது

வேண்டாம்.

அமாவாசையையும் வார இறுதியையும் மட்டும் நம்புவது

கூட்டம் கூடும் நாளுக்குத்தான் முதலில் தடை வரும். 2021-ல் இரண்டாம் அலைக்குப் பிறகு அக்டோபர் நடுப்பகுதி வரை வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் கோவிலுக்குள் பக்தர்களை விடவில்லை. செவ்வாய், புதனிலும் ஆள் வருகிற மாதிரி காரங்காடு அலையாத்திக் காட்டுப் படகு, தேவிபட்டினம், உத்திரகோசமங்கை கோவில்கள் என்று சேர்த்து ஒரு திட்டம் இப்போதே போட்டுவையுங்கள்.