அடிமானம் குறை எண்ணாக உள்ள அடுக்குக்குறிச் சார்பை வரைபடத்தாளில் வரையும் முறை

பதினொன்றாம் வகுப்பில் அடுக்குக்குறிச் சார்பை (2^எக்ஸ் போல, ஒரு நிலையான எண்ணுக்கு மாறும் அடுக்கைத் தரும் சார்பு) அறிமுகப்படுத்தும்போது, அடிமானம், அதாவது அந்த நிலையான எண், பூச்சியத்தைவிடப் பெரியதாகவும் 1 அல்லாததாகவும் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை ஒரே வரியில் வந்து போய்விடுகிறது. மண்டபம், உச்சிப்புளிப் பக்கம் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் துருவிக் கேட்கும் பழக்கம் உள்ளவர்கள் அந்த வரியைத் தாண்டுவதில்லை. "−2 போட்டா என்ன சார் ஆகும்?" என்பார்கள். பாடத்தில் இல்லை என்று சொல்லித் தட்டிக்கழிப்பதைவிட, தாளை எடுத்து வரைந்து பார்க்கச் சொல்வதே நல்லது என்பது என் கருத்து. அதற்கான முறை இது.

முதலில் அடைப்புக்குறியைக் கவனிக்க வேண்டும். −2^எக்ஸ் என்பது 2^எக்ஸ் என்ற வளைவரையைக் கிடையச்சில் பிரதிபலித்தது மட்டுமே. அதில் சிக்கல் எதுவும் இல்லை. நாம் வரையப்போவது (−2)^எக்ஸ். கால்குலேட்டரில் அடைப்புக்குறி இல்லாமல் −2இன் வர்க்கத்தைக் கேட்டால் பல கருவிகள் −4 என்றே காட்டும்.

அடுத்து, வரையத் தொடங்குவதற்கு முன்பே சார்பகத்தை, அதாவது எக்ஸுக்கு எந்தெந்த எண்களை வைக்கலாம் என்பதை, தீர்மானித்துவிட வேண்டும். 2^எக்ஸுக்கு எந்த மெய்யெண்ணையும் அடுக்காக வைக்கலாம் என்பதால் இதைப் பற்றி நாம் யோசிப்பதே இல்லை. இங்கோ சார்பகத்தை மாற்றினால் படமே மாறிவிடும்.

முழு எண்களில் தொடங்குவோம். எக்ஸ் −3 முதல் 4 வரை செல்லும்போது மதிப்புகள் முறையே −1/8, 1/4, −1/2, 1, −2, 4, −8, 16. கிடையச்சில் 1 செ.மீ.க்கு 1 அலகு, செங்குத்தச்சில் 1 செ.மீ.க்கு 2 அலகு என்று அளவுத்திட்டம் வைத்தால் தாளில் அடங்கும். ஆனால் அந்த அளவில் −1/8 அச்சிலிருந்து ஒரு மில்லிமீட்டர்கூடக் கீழே இறங்காது; பென்சிலைக் கூராகச் சீவாவிட்டால் புள்ளி அச்சின் மேலேயே விழுந்துவிடும்.

புள்ளிகளைக் குறித்ததும் கை தானாகவே அவற்றை இணைக்கப் போகும். இணைக்கக் கூடாது. தனுஷ்கோடிப் பக்கம், இருபுறமும் கடல் இருக்க, முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனைக்குச் செல்லும் சாலையைக் கிடையச்சாக எண்ணிக்கொண்டால், இரட்டைப்படை அடுக்குகளின் புள்ளிகள் வடக்கே பெண் கடல் எனப்படும் பாக் நீரிணையிலும் ஒற்றைப்படை அடுக்குகளின் புள்ளிகள் தெற்கே ஆண் கடல் எனப்படும் மன்னார் வளைகுடாவிலும் விழுகின்றன. சாலையின் மீது ஒரு புள்ளிகூட விழுவதில்லை, ஏனெனில் இந்தச் சார்பு எங்கும் பூச்சியம் ஆவதில்லை. இரண்டு புள்ளிகளைக் கோட்டால் இணைத்தால், இல்லாத ஒரு கடப்பை இருப்பதாகக் காட்டிவிடுகிறோம்.

இனிப் பின்ன அடுக்குகள். பின்னத்தை எளிய வடிவத்துக்குச் சுருக்கிய பிறகு அதன் பகுதியைப் பார்க்க வேண்டும். பகுதி ஒற்றைப்படை எண் என்றால் மெய்மதிப்பு உண்டு. தொகுதி இரட்டைப்படையானால் அது மிகை, ஒற்றைப்படையானால் குறை. எனவே (−2)^(1/3) ஏறத்தாழ −1.26, (−2)^(2/3) ஏறத்தாழ 1.59. பகுதி இரட்டைப்படையானால், 1/2இல் போல, மெய்மதிப்பு இல்லை. சுருக்காமல் விட்டால் என்ன கெடும் என்பதற்கு 2/6 நல்ல சான்று: முதலில் வர்க்கம் கண்டு பிறகு ஆறாம் மூலம் எடுத்தால் +1.26 வரும், ஆனால் 2/6 என்பதும் 1/3 என்பதும் ஒரே எண்தான்.

இந்தப் புள்ளிகள் எங்கே உட்காரும் என்று காண, 2^எக்ஸ், −2^எக்ஸ் ஆகிய இரு வளைவரைகளையும் மெல்லிய புள்ளிக்கோடுகளாக வரைந்துகொள்ளுங்கள். எல்லாப் புள்ளிகளும் இவ்விரண்டின் மேல்தான் விழும். 1/2க்கு இருபுறமும் மிக அருகில் உள்ள 50/101, 51/101 என்ற இரு அடுக்குகளை எடுத்துக்கொண்டால், முதலாவதன் மதிப்பு ஏறத்தாழ 1.41, இரண்டாவதன் மதிப்பு ஏறத்தாழ −1.42. அடுக்குகளுக்கு இடையே நூற்றில் ஒரு பங்கு கூட இடைவெளி இல்லை. மதிப்புகளுக்கு இடையே மூன்று அலகுக்குச் சற்றுக் குறைவான இடைவெளி. எவ்வளவு சிறிய இடைவெளியை எடுத்தாலும் இதே நிலைதான். √2 போன்ற விகிதமுறா அடுக்குக்கு மதிப்பு தர முடியாததும் இதனால்தான்: அதை நெருங்கும் பின்னங்கள் சில மேலே இழுக்கும், சில கீழே இழுக்கும், எல்லை மதிப்பு கிடைக்காது.

ஆகவே விகிதமுறு எண்களையும் சேர்த்தால் கண்ணுக்குத் தெரிவது இரண்டு முழு வளைவரைகள் போன்ற தோற்றம். உண்மையில் இரண்டிலும் எங்கு பார்த்தாலும் ஓட்டைகள், எந்தப் புள்ளியிலும் தொடர்ச்சி இல்லை. தாளில் இதைக் காட்டப் புள்ளிக்கோடுகளே போதும். பக்கத்தில் விளக்கம் எழுதிவிடுங்கள்.

வரைபடச் செயலிகளில் இச்சார்பைக் கொடுத்தால் சில வெற்றுத்தாளைக் காட்டுவதில் வியப்பில்லை. கணினி தசம எண்ணை வழக்கமாக, பகுதி 2இன் அடுக்காக உள்ள பின்னமாகவே சேமிக்கிறது. 1/3ஐக் கொடுத்தாலும் உள்ளே இருப்பது அதற்கு நெருங்கிய, இரட்டைப்படைப் பகுதி கொண்ட வேறொரு எண். அதற்கு மெய்மதிப்பு இல்லை.

தொடர்ச்சியான வளைவரை வேண்டும் என்று விரும்புவோர் கலப்பெண்களுக்கு (−1இன் வர்க்கமூலத்தையும் சேர்த்துக்கொண்ட எண்களுக்கு) செல்லலாம். அங்கே முதன்மை மதிப்பின் (கிடைக்கும் பல மதிப்புகளில் வழக்கமாகத் தேர்ந்தெடுக்கும் ஒன்றின்) மெய்ப்பகுதி 2^எக்ஸ் × கொசைன்(பை × எக்ஸ்), கற்பனைப் பகுதி 2^எக்ஸ் × சைன்(பை × எக்ஸ்). மெய்ப்பகுதியை வரைந்தால் வலப்புறம் உயர்ந்துகொண்டே போகும் அலை கிடைக்கும். முழு எண்களில் அது நாம் குறித்த புள்ளிகளைத் தொட்டுச் செல்லும். ஆனால் அலையின் உச்சி முழு எண்ணில் இல்லை, ஏறத்தாழ 0.07 வலப்புறம் தள்ளியுள்ளது. உச்சியைச் சரியாகப் புள்ளியின் மேல் வைத்து வரைவது பரவலான பிழை. 1/3இல் இந்த அலையின் உயரம் ஏறத்தாழ 0.63 மட்டுமே, −1.26 அன்று, ஏனெனில் முதன்மை மதிப்பு வேறொரு கனமூலத்தைத் தேர்ந்தெடுக்கிறது. எனவே அலையை வேறு நிறத்தில் வரைந்து, அது மெய்ப்பகுதி என்று தெளிவாகப் பெயரிட வேண்டும்.

பயிற்சிக்கு (−1/2)^எக்ஸை எடுத்துக்கொள்ளலாம். புதிய அட்டவணை தேவையில்லை. முழு எண் அடுக்குகளுக்குக் குறித்த புள்ளிகளைச் செங்குத்தச்சில் இடம் வலமாகத் திருப்பினால் போதும்.